ராத்திரி பத்து மணிச் சூடு

"மேல்மாடியில் மத்தியானத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் அநேகமாக மேல்மாடியில் குடியிருந்தவர்களாக இருக்க மாட்டார்கள். மத்தியானம் பரவாயில்லை. பாதி நாள் ஆபீஸில்தான் இருக்கிறோம். எங்கள் கஷ்டம் ராத்திரி பத்து மணிக்குத்தான். சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி வீடு, எங்கள் தலைக்கு மேல் மொட்டை மாடி மட்டும். ஹாலில் ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானி மாட்டியிருக்கிறேன். கத்திரி வெயில் நாளொன்றில் மூன்று மணிக்கு வெளியே 38, உள்ளே 34 என்று காட்டியது. அதே நாள் ராத்திரி பத்து மணிக்கு வெளியே 31க்கு இறங்கிவிட்டது, உள்ளே 35. தோசைக்கல்லுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்த மாதிரிதான்.

காரணம் கான்கிரீட் தளம். பகல் முழுக்க வெயிலை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்தச் சூடு மேலிருந்து கீழே இறங்கி வர சில மணி நேரம் ஆகும். நாம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரத்துக்குச் சரியாக அது உள்பக்கம் வந்து சேர்ந்திருக்கும். அப்போது சீலிங் ஃபேனைப் போட்டால், மேலே தேங்கி நிற்கிற சூட்டுக் காற்றைத்தான் அது நம் மேல் தள்ளுகிறது.

ஏசி வாங்கிப் போட வேண்டியதுதானே என்பார்கள். வாடகை வீட்டில் அவ்வளவு எளிதில்லை. சுவரில் ஓட்டை போட ஓனர் சம்மதிக்க வேண்டும், பழைய ஒயரிங் தாங்க வேண்டும், அதற்கு மேல் சப் மீட்டர் கணக்கு வேறு. அரசு கொடுக்கும் இலவச யூனிட்டெல்லாம் சப் மீட்டர்காரர்களுக்கு எட்டாத சமாச்சாரம். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் ஒரு தொகை வைத்திருப்பார், அதுதான் கட்டணம். 11 மாத அக்ரிமென்டில் இருக்கிற வீட்டுக்கு இத்தனை முதலீடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

என் சொந்த ஊர் குடியாத்தம். வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அப்பா போனில், "அந்த ஏர் கூலரை லாரியில போட்டு அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம்ப்பா என்றேன். ஊரில் அது அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே வெயில் வறண்ட வெயில். தண்ணீர் ஆவியாகும்போதுதான் காற்று குளிர்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எந்த அளவுக்கு இறங்குமோ அதற்குக் கீழே எந்தக் கூலராலும் காற்றைக் கொண்டுபோக முடியாது. 38 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த எல்லை சுமார் 24. சென்னையில் கடல்காற்று வந்தபின் 34 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் எல்லை 28ஐத் தாண்டிவிடும். கூலர் அந்த எல்லையைத் தொடுவதும் கிடையாது, அதற்கு ஓரிரு டிகிரி மேலேயே நின்றுவிடும். மீதிக்கு வீடு முழுக்கக் கசகசப்பு, அலமாரியில் பூஞ்சை. ஜன்னலில் ஈரச் சேலை கட்டுவதும் இதே கதைதான். மதுரை, திருச்சி, வேலூர்க்காரர்கள் தாராளமாகச் செய்யலாம். சென்னையில் அதே ஈரத் துணியை உடம்பில் போட்டுக்கொண்டு ஃபேனடியில் உட்காருவது மேல்.

ஆக, காற்றைக் குளிர வைக்கும் யோசனையை விட்டுவிட்டேன். தளம் சூடாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது என்று தீர்மானித்து ஓனரிடம் போய்க் கேட்டேன்.

"சார், மாடிக்கு வெள்ளையடிச்சுக்கட்டுமா? செலவு எங்களோடது."

"எதுக்கும்மா? ஒழுகுதா?"

ஒழுகவில்லை என்று புரியவைக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. வாடகைக்காரர் தன் காசைப் போட்டு மாடியில் ஏதோ செய்கிறேன் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். கடைசியில், வாடகையில் கழிக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சாவியைக் கொடுத்தார்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு மூட்டை வாங்கினோம். அதைத் தண்ணீரில் நீற்றும்போது கொதிக்கும், அதனால் மெல்லிய பிளாஸ்டிக் வாளி சரிப்படாது. பழைய இரும்பு டிரம் ஒன்றில் ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டினோம். பழைய காலத்தில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றுவார்கள். இப்போது பெவிகால் கலக்கிறார்கள், இல்லாவிட்டால் நடக்கும்போதெல்லாம் காலில் மாவாக ஒட்டிக்கொண்டு வரும். மாடியை நன்றாகப் பெருக்கி, பாசி இருந்த மூலையைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, வெயில் தாழ்ந்தபின் அடித்தோம். உச்சி வெயிலில் அடித்தால் பிரஷை எடுப்பதற்குள் காய்ந்து, பொரிந்து உதிர்ந்துவிடும். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கையில் பட்டாலும் புண்ணாகும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். இரண்டு கோட். ஆள் வைக்காமல் நானும் கணவரும் செய்ததால் 2,000 ரூபாய்க்குள் முடிந்தது.

பலன் அன்றைக்கே தெரிந்துவிடாது. பழைய சூடு முழுக்க இறங்கி இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ராத்திரி பத்து மணிக்கு உள்ளே 32, 32½ என்று நிற்கிறது. கருத்துப்போன சிமென்ட் தளம் வெயிலின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதுச் சுண்ணாம்பு பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். ஹைதராபாத் பக்கம் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. அகமதாபாத் 2013இலேயே வெப்ப அலைக்கென்று தனித் திட்டம் போட்ட ஊர், அங்கேயும் கூரைக்கு வெள்ளையடிப்பது பின்னால் சேர்ந்துகொண்டது. கடையில் விற்கும் கூல் ரூஃப் பெயின்ட் இன்னும் சில வருடம் கூடுதலாக உழைக்கும். ஆனால் அது ஓனர் போட வேண்டிய பணம். சுண்ணாம்பு ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துபோகும், பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். வாடகைக்காரருக்கு இது ஒரு குறையே இல்லை. நானும் எத்தனை பங்குனிக்கு இங்கே இருக்கப்போகிறேன்!

அடுத்தது மேற்குப் பக்கத்து ஜன்னல். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். திரை சூடாகி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே சுற்றும். மறைப்பு வெளியே இருக்க வேண்டும். நர்சரிகளில் கட்டும் பச்சை வலையை மீட்டர் கணக்கில் வாங்கி, இரண்டாக மடித்து, கிரில்லின் வெளிப்பக்கம் கேபிள் டையால் கட்டினேன். ஆணி இல்லை, ஓட்டை இல்லை, காலி செய்யும்போது கத்தரியால் வெட்டினால் போயிற்று. மூங்கில் தட்டி பார்க்க இன்னும் அழகாக இருக்கும், காற்றில் மோதிச் சத்தம் போடாமல் இருந்தால்.

ஜன்னல்களைக் காலை ஒன்பதுக்கு மூடிவிடுவோம். கடல்காற்று வந்ததும் கிழக்கு ஜன்னல் திறக்கும். அடையாறில் இருப்பவர்களுக்கு அது முன்னாலேயே வந்துவிடும், எங்கள் பக்கம் தாமதமாகத்தான் எட்டிப் பார்க்கும். மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாளில் கடல்காற்று உள்ளே நுழையவே திணறும். சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் கொசு படை எடுக்கும். அதற்கு வெல்க்ரோ பட்டையோடு வரும் வலையை ஜன்னல் சட்டத்தில் ஒட்டியிருக்கிறேன், கழற்றித் துவைக்கலாம்.

ஃபேன் விஷயம் சுருக்கமாக. பழைய சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் உடனே புது ஃபேன் வாங்க ஓடாதீர்கள். கண்டென்சர் பலவீனமாகியிருக்கும், 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும் அந்தச் சின்ன டப்பாவை மாற்ற எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிடம் போதும். புதிதாகத்தான் வாங்குவது என்றால் பிஎல்டிசி மோட்டார் போட்ட ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 சொச்சத்தில் முடித்துக்கொள்ளும். சப் மீட்டர் வீட்டில் அந்த வித்தியாசம் கையில் தெரியும். நாங்கள் இதோடு ஒரு ஸ்டாண்ட் ஃபேனை மேற்கு ஜன்னலில், முகத்தை வெளியே திருப்பி வைக்கிறோம். உள்ளே இருக்கும் சூட்டை அது வெளியே துரத்த, கிழக்கு ஜன்னல் வழியாகப் புதுக் காற்று வரும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் மாமியார்கூட, "தெருவுக்குக் காத்து வீசுறியாம்மா?" என்று கேட்டார். இப்போது அவரே ஒன்பது மணிக்கு அதைத் திருப்பி வைத்துவிடுகிறார்.

உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் பகலில் 32, ராத்திரியில் 24 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. சென்னையில் மே மாத விடியற்காலைக் குளுமையே 28ஐ ஒட்டித்தான் இருக்கும், இதில் 24க்கு எங்கே போவது? ஆனால் அவர்கள் சொல்லும் இன்னொன்றை வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மறக்கக் கூடாது. அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் உடம்பைக் குளிர வைக்காது, சூட்டைத்தான் ஏற்றும். அப்போது ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, கீழ்வீட்டில் போய் உட்கார வைப்பதுதான் சரி.

மற்றபடி சமையலைக் காலை எட்டுக்குள் முடிப்பது, கறுப்பு சின்டெக்ஸ் தண்ணீர் சுடும் என்பதால் குளிக்க விடியற்காலையிலேயே அண்டாவில் பிடித்து வைப்பது, ஃபோம் மெத்தையைச் சுருட்டிவிட்டுக் கோரைப்பாயில் படுப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இனிமேல் வீடு தேடுகிறவர்களுக்கு ஒன்று. புரோக்கர் காலை பத்து மணிக்கு வரச் சொல்வார், அந்த நேரத்தில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போய், ஸ்டூல் மேல் ஏறிச் சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். தட்டு ஓடு பதித்த மாடியா, வெறும் சிமென்ட் பூச்சா என்று கேளுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு கிடைத்தால், குழாய் ஒழுகினாலும் நான் யோசிக்காமல் எடுத்துக்கொள்வேன். மாடிச் சாவி வாடகைக்காரருக்குக் கிடையாது என்று சொல்லும் மேல்மாடி வீட்டுக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன்.