எச்சில் பட்ட கம்பளி

பெர்கன் நகர நூலகத்தில் பின்னல்காரர்கள் கூடும் மாலை. பக்கத்தில் இருந்த நார்வேப் பாட்டி இரண்டு நூல் நுனிகளை வாயில் வைத்து நன்றாக நனைத்தார். உள்ளங்கையில் போட்டு, விளக்குக்குத் திரி திரிப்பதுபோல் பரபரவென்று தேய்த்தார். இழுத்துக் காட்டினார். முடிச்சே இல்லாமல் ஒரே நூல்! அதை அப்படியே என் கையில் கொடுத்தார்.

அண்ணாந்து தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு இது. சாப்பிட்ட கையோடு உப்பு ஜாடிப் பக்கம் போனாலே எங்கள் ஆச்சி சாமியாடிவிடுவாள். சிரித்தபடி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பெர்கனில் ஆண்டுக்கு 200 நாட்களுக்கு மேல் மழை. அதிலும் பிள்ளைகளை வெளியேதான் விளையாட விடுகிறார்கள். மதுரையில் வாங்கி வந்த அக்ரிலிக் குல்லாயை மழலையர் பள்ளி ஆசிரியை "அழகு" என்று சொல்லிவிட்டுப் பையிலேயே திருப்பி அனுப்பினார். அசல் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அக்ரிலிக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஆகவே குல்லாய் பின்ன உட்கார்ந்தேன். புது நூல் விலை கேட்டால் குளிர் விட்டுப்போகும். பாட்டிதான் ஒரு பை நிறைய மிச்ச நூல் கொடுத்தார். 50 கிராம் உருண்டைகளாக வாங்கிப் பின்னுகிறவர்கள் வீட்டில் ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் தங்கிவிடும். மெல்லிய நூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தடித்த நூலுக்குச் சமமாக்கினேன். நிறம் மாறும் இடமெல்லாம் நுனி. நுனி என்றால் எச்சில்.

எச்சில்தான் வேண்டுமென்று இல்லை. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இளஞ்சூட்டு வெந்நீரே போதும். இயந்திரத்தில் துவைப்பதற்காகப் பதப்படுத்திய நூலில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அதன் செதில்களைத்தான் முன்பே மழுக்கிவிடுகிறார்களே. இப்போது பின்னல் மாலைக்கு ஒரு சிறு கிண்ணத்தோடு போகிறேன். எல்லாரும் வாயில் வைக்க, நான் மட்டும் விரலை வெந்நீரில் நனைக்கிறேன். என்ன சடங்கோ என்று மரியாதையாகப் பார்க்கிறார்கள்.

மழைக்கோட்டு, மீன் சூப், ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாடு எல்லாம் பழகிவிட்டது. ஊரோடு ஒட்டிவிட்டேன் என்றே சொல்லுவேன். ஆனால் பையிலிருந்து ஆரஞ்சு நூல் ஒன்று வெளியே வந்தால் போதும், பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்புதான். ஐஸ் குச்சிகளைக் குறுக்கே கட்டி, உல்லன் நூலைச் சுற்றிச் சுற்றிச் செய்த அந்தச் சுவர் அலங்காரம்! நாற்பது டிகிரி வெயிலில் கம்பளிக்கு எங்களுக்கு அதைவிட என்ன வேலை? என்னுடையது ஆச்சி வீட்டு டிவிக்கு மேல் தொங்கியது. ஆச்சி போன பிறகு யார் கழற்றினார்களோ.

அம்மாவுக்குக் குல்லாயை வீடியோவில் காட்டினேன். "ஏண்டி, பிள்ளை தலைக்கு மிச்ச நூல்தான் கிடைத்ததா?" பிறந்த குழந்தைக்குப் பழைய சேலையைத்தானே முதலில் சுற்றினாய் என்று கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் அவளே கூப்பிட்டாள். மார்கழி பஜனைக்குப் போகும் அப்பாவுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டுமாம். மதுரை மார்கழியில் விடியற்காலை 20 டிகிரி.

"அவருக்குப் புது நூலில் பின்னு" என்றாள்.