நாலு மணி நேரம்

நவம்பர் 4
36 வாரம். கிளினிக்ல குச்சி வச்சு எடுத்த டெஸ்ட் வந்துருச்சு, கர்ப்ப செக்கப் எழுதற பிங்க் புக்குல சிவப்பு பேனாவுல ஜிபிஎஸ் பாசிட்டிவ். குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸாம். குடல்லயும் கீழயும் சும்மா குடியிருக்கற கிருமி, அஞ்சு பொம்பளைல ஒருத்திக்கு இருக்கும்னு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க. எனக்கு ஒன்னும் ஆகாது. பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டாதான்.

நவம்பர் 5
தூக்கமே இல்ல.

நவம்பர் 7
இப்பவே மாத்திரை குடுங்களேன்னு கேட்டேன். இப்ப சாப்பிட்டா பிரசவத்துக்குள்ள திரும்ப வந்துருமாம். வலி வந்தப்புறம் பென்சிலின் டிரிப்புலதான் போடணும், பிள்ளை பொறக்கறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியாவது ஏறியிருந்தா நல்லதாம். நாலு மணி நேரம்! பெரியவன் மூணு மணி நேரத்துல வந்துட்டான், ரெண்டாவது இன்னும் சீக்கிரம்னு எஸ்டேட் லயத்துல ஆளாளுக்கு சொல்றாங்க, மண் ரோட்ட தாண்டி சுங்கை சிப்புட் டவுன், அப்புறம் ஈப்போ ஆஸ்பத்திரி, முன்னாடி ஒரு செம்பனை லோரி போனா அவ்ளோதான், இவருக்கு நைட் ஷிப்ட் வேற, மில்லுக்குள்ள போன் லைன் கெடைக்காது.

நவம்பர் 9
"சுத்தபத்தமா இருந்தா இதெல்லாம் ஏம்மா வருது"ன்னு சோறு போட்டுக்கிட்டே அத்தை கேக்கறாங்க. சுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு மிஸ்ஸி சொன்னத சொன்னேன். நம்பல. ரசம் நல்லா இருந்துச்சு, அதுவும் கோவமா வந்துச்சு.

நவம்பர் 11
பக்கத்து டிவிஷன் அக்கா வந்தாங்க. அவங்களுக்கு 31 வாரத்துலயே தண்ணிக்கொடம் ஒடஞ்சுச்சு. அதுக்கு முன்னாடி ஒன்னுக்கு எரிச்சல், டாக்டர்கிட்ட போகாம பார்லி தண்ணியே குடிச்சுட்டு இருந்தாங்களாம். பிள்ளை நுரையீரலுக்கு ரெண்டு ஊசி, கிருமிக்கு எரித்ரோமைசின் மாத்திரை, கொஞ்ச நாள் தள்ளலாம்னு பாத்தாங்க, காய்ச்சல் ஏறிருச்சு, உள்ளயே இன்பெக்ஷன், இதுக்கு மேல வைக்கக்கூடாதுன்னு எடுத்துட்டாங்க. 1.6 கிலோ. இப்ப அவன் எங்க வீட்டு கோழிய வெரட்றான். பாத்துக்கிட்டே இருந்தேன்.

நவம்பர் 12
இந்த கிருமி இருக்கறவங்களுக்கு மருந்தே போடாட்டியும் நூறு பிள்ளைல ஒன்னு ரெண்டுக்குதான் வருமாம். அந்த ஒன்னு யாரோட பிள்ளை? வந்தா ரத்தத்துல, நுரையீரல்ல, சில சமயம் மூளைய சுத்தி. பெரும்பாலும் மொத நாள்லயே தெரிஞ்சுருமாம், மொனகும், பால் குடிக்காது. கல்லுமலை முருகனுக்கு பால்குடம் நேர்ந்துக்கிட்டேன்.

நவம்பர் 13
மழை. பாலத்துக்கிட்ட ரோடு முழுகிருச்சு.

நவம்பர் 14
முடிவு பண்ணியாச்சு, ஈப்போ புந்தோங்ல சின்னம்மா வீட்டுக்கு போறேன். அத்தைக்கு மூஞ்சி சரியில்ல. இருக்கட்டும்.

நவம்பர் 16
இங்க பின்னாடி கச்சாங் பூத்தே கடலை வறுக்கற வாசம், குமட்டுது. ஆஸ்பத்திரி கிட்டத்துல. செக்கப்புல பென்சிலின் ஒத்துக்குமான்னு கேட்டாங்க, சின்ன வயசுல ஏதோ ஊசிக்கு தடிப்பு வந்துச்சுன்னு அம்மா சொல்லுவாங்க, என்ன ஊசின்னு அம்மாவுக்கும் ஞாபகம் இல்ல. எழுதிக்கிட்டாங்க, வேற மருந்தும் இருக்காம். நாலு மணி நேரம் ஆகலன்னா பிள்ளைய கூடுதலா கவனிப்பாங்களாம். இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

நவம்பர் 19
2.40 காலைல. தண்ணி ஒடஞ்சுருச்சு. வலி இல்ல. சித்தப்பா காடி எடுக்கறாரு. இவருக்கு போன் போகல.

அதே நாள்
டிரிப் ஏறுனது 3.50. தடிப்பு ஒன்னும் இல்ல. அப்ப 7.50. இப்ப 5.20, வலி நல்லா வருது, மிஸ்ஸி போனை வைக்க சொல்றாங்க