கானாடுகாத்தான் வீட்டில் அடித்த கருகல் வாசம்

பல்லவன் ரயிலில் இரவு காரைக்குடி வந்து இறங்கி, கானாடுகாத்தான் ஊரில் இருக்கும் செட்டிநாட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோருக்கும் கண் சொக்கியது. நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்த அக்கா, அத்தான், அவர்களுடைய ஆறு வயதுப் பையன், நான். பர்மா தேக்குத் தூண்களையும், வளவு என்கிற நடு முற்றத்தையும் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். மறுநாள் காலை அங்கே நடந்ததைத்தான் நான் எழுத வேண்டும்.

அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, அமெரிக்காவில் வாங்கிய ஹேர் டிரையரை ஒரு டிராவல் அடாப்டரில் மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். பிளக்கின் பின் கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு மூன்று நொடிதான். உள்ளே கம்பிச்சுருள் ஆரஞ்சாகப் பழுத்தது, பிளாஸ்டிக் கருகும் நெடி மூக்கில் ஏறியது, அப்புறம் 'பட்' என்று எம்சிபி (ஆபத்தென்றால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. டிரையரை உதறிக் கீழே போட்டாள். நல்லவேளை, கையில் சுடவில்லை.

வீட்டு ஆச்சி உடனே எலக்ட்ரீஷியனை வரச் சொன்னார். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. டிரையரைத் திருப்பி, கைப்பிடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். 120 வோல்ட், 1875 வாட்.

"இந்த அடாப்டர் பின்னை மட்டும்தாம்மா மாத்தும். கரண்டை மாத்தாது. இங்க வர்றது 230."

வோல்டேஜ் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் சூடும் இரண்டு மடங்குதானே என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சுருளின் மின்தடை மாறாததால் மின்னோட்டமும் கூடவே ஏறுகிறது. இரண்டையும் பெருக்கினால் மூன்றரை மடங்குக்கு மேல். 1875 வாட் சுருள் 7000 வாட்டை நெருங்கிவிடும். 6 ஆம்பியர் பிளக்கில் 30 ஆம்பியர் இழுக்கும்.

அப்போதுதான் அக்காவின் முகம் மாறியது. பையனுக்கு வீசிங் உண்டு. பெட்டியில் மருந்தை ஆவிபோல் மூச்சில் ஏற்றும் நெபுலைசர் இருக்கிறது, அதுவும் அங்கே வாங்கியதுதான். ராத்திரி இழுப்பு வந்திருந்தால் இதே அடாப்டரில்தான் மாட்டியிருப்பாள்.

எல்லாவற்றையும் எடுத்து வந்து ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் பரப்பினோம். போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் மூன்றிலும் 'இன்புட்' வரியில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. மின்சாரம் நொடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ். இவை எந்த நாட்டிலும் ஓடும், பின் மட்டும் பொருந்தினால் போதும். நெபுலைசரில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மட்டும்தான். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்தால் ஆகாதா என்று அத்தான் கேட்டார். "வோல்டேஜ் சரியாயிரும் சார், ஹெர்ட்ஸ் மாறாதே. மோட்டார் சாமானுக்கு அதுவும் பொருந்தணும்" என்றார். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிள்ளையின் மூச்சு விஷயத்தில் சோதனை வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

ஆச்சிக்கு இதெல்லாம் வியப்பாக இருந்தது. "மலேசியாவுலேர்ந்து எங்க பிள்ளைக கொண்டாந்த மிக்ஸியெல்லாம் ஓடுச்சே?" ஓடத்தான் செய்யும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை எல்லாமே 230 வோல்ட் பக்கம், 50 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வரும் சாமான்களுக்கு பிளக்கின் பின்னை மாற்றினாலே போதும்.

இன்னொன்றையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். முதல் நாள் ராத்திரி வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து என் உலோக லேப்டாப்பைத் தொட்டபோது விரலில் விறுவிறு என்றது. இரண்டு பின் பிளக்கில் எர்த் (கசிவைத் தரைக்குள் இறக்கும் கம்பி) இல்லை, அதனால் வரும் சிறு கசிவு என்றார். எர்த் உள்ள மூன்று பின் வயரில் மாட்டியதும் நின்றுவிட்டது. பழைய வீடுகளில் பிளக்கில் மூன்றாவது துளை இருந்தாலே எர்த் இருக்கிறது என்று நம்பாமல், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மதியம் காரைக்குடி மருந்துக்கடையில் 230 வோல்ட் நெபுலைசர் ஒன்று வாங்கினோம். அன்றிரவே தேவைப்பட்டது. வளவில் அக்கா மடியில் சாய்ந்து, முகத்தில் மாஸ்க்கோடு, ஓட்டுச் சரிவுக்கு மேலே தெரிந்த நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தான். பழைய நெபுலைசரின் வயரில் அக்கா சிவப்பு டேப் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.