தாத்தாவின் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைக்கும்போது டிரங்குப் பெட்டியிலிருந்து தாத்தாவின் பட்டாளத்துப் பதக்கம் வெளியே வரும். குத்துவிளக்கு துலக்குகிற கையோடு அதற்கும் புளி, சாம்பல். திருநெல்வேலிச் சீமையில் போருக்குப் போனவர்களின் பெயர் அழிவது இப்படித்தான்.

பெயர் முகப்பில் இருக்காது. முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கம் 36 மி.மீ. விட்டம், ஒரு பக்கம் ராஜா தலை. பட்டாள எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பைச் சுற்றி ஆங்கிலத்தில் பொடியாகப் பதிந்திருக்கும். தேய்க்கத் தேய்க்க முதலில் மழுங்குவது அந்த விளிம்புதான். வெள்ளி கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. உலர்ந்த பழைய வேட்டித் துணியால் ஒற்றினால் போதும். நட்சத்திரப் பதக்கங்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மரக்குச்சி நுனியால் மெல்ல நெருடி எடுங்கள். ரிப்பனை நனைக்கவே கூடாது, சாயம் ஓடிவிடும். எந்தப் போர்முனை என்று காட்டுவதே அந்த நிறக்கோடுகள்தான். ரப்பர் பேண்ட் போட்டு வைப்பதும் வேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும். பிரேமுக்குள் பசை போட்டு ஒட்டுகிறார்களே, அது இன்னும் மோசம்.

விளிம்பைப் படிக்க டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். சுற்றளவு 11 செ.மீ. சொச்சம், அதனால் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பி ஐந்தாறு படம் எடுக்க வேண்டும். சில பதக்கங்களில் பெயரே வெட்டியிருக்காது. அப்போது டிஸ்சார்ஜ் புக்கோ பென்ஷன் காகிதமோதான் வழி.

போரில் இறந்தவரென்றால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பதிவில் காசில்லாமல் தேடலாம். திரும்பி வந்து ஊரில் காலமானவர் பெரும்பாலும் அதில் இருக்கமாட்டார். இது தெரியாமல் ராத்திரி முழுக்கத் தேடுகிறவர்கள் உண்டு. அவருக்குப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும்: மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், சாப்பர்ஸ் (மெட்ராஸ் பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. எண் இல்லாமல் எழுதினால் பதில் கிடைப்பது கஷ்டம்.

இணையத் தேடலிலும் எண்ணையே நம்புங்கள். சுடலைமுத்துவையும் பேச்சிமுத்துவையும் அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பெயரால்தான் தேடியாக வேண்டுமென்றால் முழுப்பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். திருநெல்வேலி என்பது 'டின்னவேலி' (Tinnevelly) என்றிருக்கும். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் மடிந்து கல்லறை இல்லாமல் போனவர்கள் சுமார் 27,000 பேரின் பெயர்கள் தௌக்கியானிலுள்ள ரங்கூன் நினைவுத் தூண்களில் இருக்கின்றன. மலேயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரிலுள்ள கிராஞ்சி நினைவகத்தில். பெயர் எந்தப் பலகையில், எந்தப் பத்தியில் என்பதையும் பதிவு சொல்லும்.

பதிவில் இறந்த தேதியும் உண்டு. நாள் தெரியாததால் ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. அந்தத் தேதியைப் பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் கொடுத்தால் தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றையும் எடுத்துத் தருவார். ஒரே நாளில் இரண்டு திதி வரும்போது பிற்பகலில் எது நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.