ஸ்கேன் தேவையில்லை என்று எழுதலாமா?

"சீக்வென்சிங் கிளீன்னுதானே வந்திருக்கு? அல்ட்ராசவுண்ட் வேண்டாம்னு ஒரு வரி போட்டுடுங்களேன்."

"எம்எல்பிஏ வரட்டும் டாக்டர்."

ஜீன் சோதனை லேபிலிருந்து சொன்ன பதில் இது. சீக்வென்சிங் ஜீனின் எழுத்துகளைப் படிக்கும், எம்எல்பிஏ அதன் பிரதிகளை எண்ணும். குழந்தை மருத்துவர் எரிச்சலோடு ஃபோனை வைத்துவிட்டார். ஐரிஸ், அதாவது கண்மணியைச் சுற்றிய நிற வளையம், இல்லாமல் பிறந்த குழந்தை. குடும்பத்தில் வேறு யாருக்கும் அப்படி இல்லை. மற்ற ஜீன்களை இயக்கும் புரதம் (டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்) ஒன்றைத் தரும் பாக்ஸ்6 ஜீனின் இரு பிரதிகளில் ஒன்று போனாலே புரதம் பாதியாகி, ஐரிஸ் சரியாக வளராது. 11-வது குரோமோசோமில் அதற்கு அருகிலேயே டபிள்யூடி1 என்ற ஜீன் இருக்கிறது. அது தருவதும் அதே வகைப் புரதம்தான், சிறுநீரகத்துக்கானது. இரண்டும் ஒரே துண்டாக விழுந்திருந்தால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு வில்ம்ஸ் கட்டி என்ற சிறுநீரகப் புற்றுநோய் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்பது இதற்காகத்தான்.

முதலில் செய்த சாங்கர் சீக்வென்சிங்கில் இந்த இழப்பு தெரியாது. மிச்சமிருக்கும் ஒற்றைப் பிரதியையே, டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் பெருக்கித் தரும். எழுத்துக்கு ஒன்றாக வரும் பீக்குகள் பளிச்சென்று இருக்கும். இரு பிரதிகளும் வேறுபடும் இடத்தில் வரும் இரட்டைப் பீக், ஜீன் முழுக்க ஓரிடத்தில்கூட இல்லாதது சந்தேகத்தைக் கிளப்பியது. ஆனால் சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அது சகஜம்.

எம்எல்பிஏவும் லேசில் நம்பக்கூடியதல்ல. 98 டிகிரியில் இழை பிரித்து, 60 டிகிரியில் புரோப்கள் (குறிப்பிட்ட இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) ஒட்ட இரவு முழுக்க விட்டு, 54-ல் அவற்றை இணைக்கும் லைகேஷன். டிஎன்ஏவில் உப்பு மிஞ்சியிருந்தால் இழை முழுதாகப் பிரியாது. இல்லாத இழப்பைக் காட்டும். இரு பிரதியும் இருந்தால் புரோப்பின் அளவு 1, ஒன்று போனால் 0.5. ஒரு புரோப் மட்டும் 0.5-க்கு இறங்கினால், அது ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். அடுத்தடுத்த புரோப்கள் சேர்ந்து இறங்கினால்தான் பேச்சு.

இங்கே பாக்ஸ்6, டபிள்யூடி1 இரண்டுமே 1-ஐ ஒட்டியே நின்றன. வரிசையாக இறங்கியிருந்தவை பக்கத்து ஜீனான இஎல்பி4-இன் புரோப்கள். பாக்ஸ்6-ஐ முடுக்கும் என்ஹான்சர் இஎல்பி4-இன் இன்ட்ரானுக்குள், அதாவது புரதமாக மாறாத பகுதிக்குள், இருக்கிறது. ஜீனில் ஓர் எழுத்தும் பிசகவில்லை, முடுக்க ஆளில்லை.

ஆக, ஸ்கேன் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதே சரி. சொன்ன காரணம்தான் தப்பு. அன்று அந்த வரியை எழுதியிருந்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எழுதாததால் அந்தத் தாய் கைக்குழந்தையோடு ஸ்கேன் அறை வாசலில் காத்துக் கிடந்ததுதான் மிச்சம். டபிள்யூடி1 போயிருந்தால்? இந்தக் கேள்வி எந்தத் தாமதத்துக்கும் சாக்காகிவிடும் என்பதும் உண்மை.

எம்எல்பிஏவையே முதலில் ஓட்டியிருக்கலாம். ஒரு சாம்பிளுக்காக மூன்று நார்மல் கண்ட்ரோல்களையும் சேர்த்து ஓட்டினால் ரீஏஜென்ட் கட்டுப்படியாகாது என்பது லேபில் வழக்கமாகச் சொல்லும் பதில். கணக்கு சரிதான். ஆனால் மருத்துவர் கேட்டபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை.