11 மாதம் சொல்ல ஒரு பிள்ளை

நியூயார்க்கில் யூதர் கையிலிருக்கும் ஜெபப் புத்தகங்கள் பலவற்றில், இறந்த பெற்றோருக்காகப் பிள்ளை சொல்லும் ‘கடிஷ்’ ஜெபம் மட்டும் ஆங்கில எழுத்திலும் இருக்கும். ‘யிஸ்கடல் வெயிஸ்கடஷ்’ என்று, அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த ஐம்பது வயது மகன் அதை எழுத்துக்கூட்டிச் சொல்வான். பேத்திக்குத் தேவாரத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த டொராண்டோ தாத்தாக்களுக்கு இது சுருக்கென்று தைக்கும்.

நமக்குக் கொள்ளி வைக்கப் பிள்ளை வேண்டும். அவர்களுக்குக் கடிஷ் சொல்ல. கிழக்கு ஐரோப்பாவில் மகனையே ‘என் கடிஷ்’ என்பார்கள். தினமும் மூன்று வேளைத் தொழுகையிலும் சொல்லவேண்டும். மரபுப்படி 13 வயது நிறைந்த ஆண்கள் 10 பேர் கூடாவிட்டால் சொல்லக்கூடாது; ஒன்பதோடு நின்றுபோனால், தெருவில் போகிற யூதரைக் கூப்பிட்டாவது உள்ளே சேர்ப்பார்கள். சாவைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. முழுக்கக் கடவுள் துதி, பெரும்பகுதி அரமேய மொழி. கணக்கு 11 மாதம். செத்தபின் கொடும்பாவிக்குத்தான் 12 மாதத் தண்டனை என்பது நம்பிக்கை. முழு வருடமும் சொன்னால் பெற்ற மகனே அப்பாவைப் பாவி என்றதாகிவிடுமே!

அப்பாவின் கடமைகளையும் யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் விட்டுவைக்கவில்லை. விருத்தசேதனம், தலைப்பிள்ளையானால் ஆசாரியருக்குக் காசு கொடுத்து மீட்பு, தோரா என்ற வேதக் கல்வி, கல்யாணம், ஒரு கைத்தொழில். நீச்சலும்தான் என்கிறார்கள் சிலர். தொழில் கற்றுத்தராதவன் திருடக் கற்றுத்தருகிறான் என்றும் ஒரு ரப்பி (யூத மதகுரு) சொல்லியிருக்கிறார்.

இந்தப் பட்டியல் நியூயார்க்கில் இரண்டாகப் பிளந்தது. 1881க்கும் 1924க்கும் இடையில் அமெரிக்கா வந்த சுமார் 20 லட்சம் யூதர்களில் ஏராளமானோர் முதலில் ஒண்டியது மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில். ஊரில், ஓய்வுநாளான சனிக்கிழமைச் சாப்பாடு முடிந்ததும் பையனை எதிரே உட்காரவைத்து, அந்த வாரம் ஹெதெர் என்ற வேதப் பள்ளியில் படித்ததை அப்பா கேட்பார். இங்கே பலருக்குச் சனிக்கிழமையும் தையல் பட்டறை. அரசுப் பள்ளிக்குப் போன பையன் வீட்டுக்கு வந்த கடிதத்தைப் படித்து, வீட்டு மொழியான இத்திஷில் அர்த்தம் சொன்னான். கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவேண்டியதாயிற்று. மகனுக்குத் தொழில் அமைந்தது, தோரா நழுவியது. நீச்சலை மட்டும் பையன்கள் ஈஸ்ட் ரிவரில் குதித்துத் தாங்களே கற்றுக்கொண்டார்கள்.

அதே ஆற்றின் மறுகரை வில்லியம்ஸ்பர்க். சத்மார் என்ற ஹசிதியப் பிரிவின் ரெபே (குரு) யோவேல் டைட்டல்பாம் 1946இல் நியூயார்க் வந்தார். அவரைச் சுற்றி அங்கே எழுந்த, ஆசாரம் விடாத ஹசிதிய வீடுகள் இந்த நழுவலைப் பார்த்து உஷாரானவை. மூன்று வயதில் முதல் முடிவெட்டு, காதோர முடியை மட்டும் விட்டு. வீட்டில் இத்திஷ். சனிக்கிழமைக் கேள்விகள் நிற்கவில்லை. கடிஷ் சொல்ல இந்தப் பையனுக்குப் புத்தகமே வேண்டாம். ஆனால் பல பள்ளிகளில் ஆங்கிலமும் கணக்கும் பெயருக்குத்தான். வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தடுமாறும்போது அப்பா மீது வரும் கோபத்தைச் சில மகன்கள் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். 2022இல் நியூயார்க் மாநிலம் இந்தப் பள்ளிகளுக்கான விதிகளை இறுக்கியதும் வழக்கு வரை போயிற்று.

சனிக்கிழமையும் கடையைத் திறந்துவைத்து, தாடியை மழித்து, ‘நாங்கள் அமெரிக்கர்கள்’ என்ற அப்பாக்களிலும் பலருக்கு வெள்ளி மாலையானால் கை தானாகவே மகன் தலைக்குப் போகும். எப்பிராயீமைப்போலவும் மனாசேயைப்போலவும் கடவுள் உன்னை ஆக்குவாராக. ஆபிரகாம் இல்லை, ஈசாக்கு இல்லை. யோசேப்புக்கு அந்நிய மண்ணான எகிப்தில் பிறந்த பிள்ளைகள் இவர்கள். பையன் வளர்ந்துவிட்டால், கொஞ்சம் குனிந்து கொடுக்கவேண்டும்.