ஓதம் ஏறும் நேரம்

நவம்பர் 23

மழை. பறவை பிடிக்கும் வலை கட்டவில்லை.

நவம்பர் 26

ஆஸ்பத்திரியில் அப்பா இன்று மூன்று ஸ்பூன் கஞ்சி குடித்தார். தண்ணீரில் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டுமாம். முதல் வாய் உள்ளே போனதுமே உதட்டை இறுக்கிக்கொண்டார். மிஸ்ஸி (நர்ஸ்) எடை பார்த்தார், 51.4 கிலோ. நானும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 30

சுங்கை பூலோ, சிங்கப்பூரின் சதுப்புநிலக் காப்பகம். இருட்டிலேயே போய்விட்டோம்.

கடல் ஓதம் ஏறினால் மண்டாய் சேற்றுவெளி மூழ்கிவிடும். அங்கே மேய்ந்த பறவைகளெல்லாம் கும்பலாகக் கிளம்பி இங்கே ஒதுங்க வரும். இங்கே இருப்பவை ஒரு காலத்தில் இறால் வளர்த்த குளங்கள். மதகைத் திறந்து தண்ணீரை இறக்கி வைத்தால் பறவைகளுக்குக் கால் வைக்க இடம் கிடைக்கும். அவை வரும் வழியில்தான் வலை. மெல்லிய கறுப்பு நைலான், நிலா இல்லாத வானத்தில் கண்ணுக்கே தெரியாது. முட்டிய பறவை அப்படியே வலையின் மடிப்புக்குள் விழுந்து கிடக்கும். ஓடிப்போய் எடுக்க வேண்டும். எடுப்பது பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் மட்டும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து, உள்ளங்கையில் முதுகு. பறவை அடங்கிவிடும்.

என் வேலை எழுதுவது. காலில் மாட்டும் வளையத்தின் எண், இனம், வயது, இறக்கை நீளம், அலகு, கால், எடை. அப்புறம் இறகு உதிர்வு: முதன்மை இறகுகள் பத்துக்கும் ஒவ்வொன்றாக 0 முதல் 5 வரை. பழைய இறகு 0, முழுதாக வளர்ந்த புது இறகு 5. கடைசியில் மார்பு இறகை வாயால் ஊதி, தொண்டைக் குழியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இங்கே 1990-லிருந்து வளையமிடுகிறார்கள். அந்தத் தாள்களில் நானும் சில பக்கங்கள் எழுதியிருக்கிறேன் என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

சிவந்த கால்கொண்ட கரைப்பறவைகளான பவளக்காலிகளே அதிகம். ஒன்று 112 கிராம், ஒன்று 108. ஏற்கெனவே வளையம் இருந்தவை இரண்டு. அப்பா கேட்கும் 417 இல்லை.

டிசம்பர் 2

51.0.

டிசம்பர் 5

ஸ்பீச் தெரபிஸ்ட் நல்ல பெண். பொறுமையாகக் கேட்கிறாள். "அங்கிள், இது கப்பா? இது பேனாவா?" அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று கேட்டேன். சொல்வது புரிகிறதா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை ஆன்ட்டி என்றாள்.

வேதாரண்யத்து உப்பளத்தில் வெயிலில் நின்ற மனிதர். நாகப்பட்டினத்தில் கப்பலேறுவதற்கு முன்பே கோடியக்கரையில் பறவை பிடித்து வளையம் போடுவதைப் பார்த்தவர். பறவையியலாளர் சாலிம் அலி காலம் அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாருக்காகப் பீகாரிலிருந்து மீர்ஷிகார்கள் வருவார்கள், பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்கள். ஒரு இறகு கூடச் சிதையாமல் பிடிப்பார்கள் என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! வளையத்தில் பம்பாய்க்குத் தகவல் தெரிவிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். உள்ளான், மூக்கன், உப்புக்கொத்தி, கோட்டான் என்று கரைப்பறவைகளின் பெயரெல்லாம் நான் அவர் வாயால் கேட்டுக் கற்றவை. அவரிடம் போய்க் கப்பா பேனாவா என்றால்?

டிசம்பர் 9

காலையில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பறவை செத்துக் கிடந்தது. பச்சை முதுகு, நீலச் சிறகு, வயிற்றடி சிவப்பு. நம் ஊர் ஆறுமணிக்குருவியின் இனம். இரவில் பறந்து வருபவை விளக்கிலும் கண்ணாடியிலும் குழம்பி மோதிவிடுகின்றன. ஒவ்வொரு வருடமும் இந்த மாதங்களில் இதே கதைதான். துப்புரவு செய்யும் தம்பி பையில் போடப் போனார், நான் தடுத்து வாங்கிக்கொண்டேன். லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இப்படிக் கிடைப்பவற்றை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

கொஞ்சம்கூடக் கனமே இல்லை. அதுதான் நாள் முழுக்க மனதில்.

டிசம்பர் 14

417 வரவில்லை.

டிசம்பர் 17

தம்பி பெர்த்திலிருந்து கூப்பிட்டான். இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றி யோசி அக்கா என்றான். நான் பேச்சை மாற்றினேன். கடற்கரைப் பக்கம் போனால் பறவைகளின் கால்களைப் பார், மஞ்சள் அடையாளக் கொடி இருந்தால் வடமேற்கு ஆஸ்திரேலியாவில் கட்டியது, ஆரஞ்சு என்றால் விக்டோரியா, பச்சையும் வெள்ளையும் இருந்தால் நம்முடையது, உடனே போட்டோ எடு என்றேன். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "சரிக்கா" என்றான்.

டிசம்பர் 28

மழை, மழை, மழை. ராத்திரி ஏர்கோன் தேவைப்படவில்லை.

ஜனவரி 4

மூக்கில் குழாய் போட்டுவிட்டார்கள்.

ஜனவரி 6

தூக்கம் இல்லை. எழுதியாவது தீர்க்கிறேன்.

குழாய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமா? எடை 48.9 ஆன பிறகு என்ன சொல்வது? சத்து உள்ளே போகாவிட்டால் பிசியோவுக்குத் தெம்பு வராது என்று டாக்டர் சொன்னது நியாயம்தான். ஆனால் அவர் இடது கையால் அதைப் பிடுங்கப் பார்க்கிறார், அதனால் கைக்கு உறை மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்த உறையை என்னால் பார்க்கவே முடியவில்லை. நான் பக்கத்தில் இருக்கும் நேரம் கழற்றிவிட்டு, கையைப் பிடித்துக்கொள்கிறேன். பிடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. புரியாத மனிதர் இப்படிப் பிடிப்பாரா?

417-க்கு வளையம் போட்ட அன்று அவர் குளக்கரை மறைவிடத்தில் உட்கார்ந்திருந்தார். பேருந்தில் வந்து, அத்தனை தூரம் கைத்தடியோடு நடந்து. விடியும்போது அதை விட்டார்கள். தாழப் பறந்து, தண்ணீருக்கு அந்தப் பக்கம் இறங்கி, காலை உதறியது. "நாலு ஒண்ணு ஏழு" என்றார் அப்பா. அதற்கப்புறம் ஒவ்வொரு பருவமும் நான் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும் முன்பே அந்த எண்ணைத்தான் கேட்பார். ஒரு தடவை வந்தது. அதே குளம், ஏறக்குறைய அதே இடம். பவளக்காலிகள் அப்படித்தான், குளிர்காலத்துக்கு இடம் மாற்றுவது அபூர்வம். அன்றைக்கு அப்பா கீழே கோப்பிக் கடையில் எல்லோருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக்கொடுத்தார்.

இங்கிருந்து போகிறவை எங்கே போகின்றன என்பது வெகுகாலம் சரியாகத் தெரியாது. சிறு கருவிகளைப் பொருத்திப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. இந்தச் சேற்றில் குளிர்காலத்தைக் கழிக்கும் பவளக்காலிகள் இமயமலையைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமியில் போய்க் குஞ்சு பொரிக்கின்றன. அதைப் படித்துக் காட்டிய அன்று அப்பா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இமயமலையா?" என்றார். "திரும்பச் சொல்லு" என்றார்.

மணி நாலு. ஓதம் ஏறியிருக்கும்.

ஜனவரி 15

பால் பொங்கியது. ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன், வாசனை பார்க்க மட்டும். கண்ணை மூடிக்கொண்டார்.

ஜனவரி 18

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. ஜனவரியில் ஆசியா முழுக்க எண்ணுகிறார்கள், 1987-லிருந்து நடக்கிறது. கிராஞ்சி பக்கம் எனக்குக் கொடுத்தார்கள். பொன்னிற உப்புக்கொத்திகள் வரிசையாகக் காற்றைப் பார்த்து நின்றன. எண்ண எளிது, அசையாது. சிறு கோட்டான்கள் சத்தம் போட்டே காட்டிக்கொடுத்துவிடும். தந்தத்தில் செய்தது போல ஒரு பெரிய வெண்கொக்கு, அதன் காலடியில் முதலை. கொக்கு நகரவே இல்லை.

மூக்கன்கள் குறைவு. மஞ்சள் கடலோரச் சேற்றுவெளிகள் போனதைப் பற்றி ஒரு பெரியவர் பேசிக்கொண்டு வந்தார். கொரியாவில் சேமாங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் சுவர் கட்டிக் கடலை அடைத்தார்கள், 2006-இல். வழியில் இறங்கித் தின்னும் இடம் போய்விட்டால் இரண்டு பக்கமும் எவ்வளவு பாதுகாத்து என்ன? எனக்குக் கோபமாக வந்தது. மிச்சம் இருப்பதில் ஒரு பகுதியை உலகப் பாரம்பரியத்தில் சேர்த்திருக்கிறார்கள், சீனாவில் 2019, கொரியாவில் 2021. இன்னும் முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

ஜனவரி 22

49.6. ஏறுகிறது!

பிப்ரவரி 8

மழை நின்று காற்று காய்ந்துவிட்டது. வலை கட்டினோம். வளையத்தோடு ஒரு பவளக்காலி. டார்ச் வெளிச்சத்தில் எண்ணை வாசிக்க வாசிக்க எழுதினேன், நாலு, ஒண்ணு... கடைசி எண் இரண்டு. 412. 417-ஐப் பிடித்த அதே நாள், அதே வலையில் பிடித்தது. தாளைப் புரட்டிப் பார்த்தேன், என் கையெழுத்துதான்.

பிப்ரவரி 9

இதை விரிவாக எழுதி வைக்க வேண்டும், மறக்கக்கூடாது.

சாயங்காலம் போனேன். "அப்பா, நேத்து ஒண்ணு வந்துச்சுப்பா" என்றேன். முகம் என் பக்கம் திரும்பியது. "நாலு" என்றேன். கண் அசையவில்லை. "ஒண்ணு." கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "ரெண்டு" என்றேன். கையை விட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். பக்கத்துப் படுக்கை மலாய்க்கார அம்மா என்ன ஆச்சு என்று கேட்டார். தெரபிஸ்ட் போயிருந்தாள். மிஸ்ஸியிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, நல்லதுங்க ஆன்ட்டி, எழுதி வைக்கிறேன் என்றார். எழுதினாரா தெரியவில்லை.

பிப்ரவரி 13

தெரபிஸ்ட் வந்தபோது மறுபடி சொல்லிப் பார்த்தேன். அப்பா தூங்கிவிட்டார். இனி காலையில்தான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 27

50.2.

மார்ச் 8

எடைகள் கூடிவிட்டன. பவளக்காலி 131, இன்னொன்று 138. ஊதிப் பார்த்தால் தொண்டைக் குழி நிறைந்து மஞ்சள் மேடாக இருக்கிறது. சிலவற்றின் மார்பில் புதுப் புள்ளிகள், கோடைக்கான இறகு. இன்னும் சில வாரம், கிளம்பிவிடும். 417 இந்தப் பருவம் இங்கேயே இருந்து வலையில் படாமலும் இருந்திருக்கலாம். வலை இருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் தெரியும், பழையவைக்கு நன்றாகவே தெரியும். அடுத்த ஓதத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 11

தெரபிஸ்டின் அறிக்கை கைக்கு வந்தது. புரிதல் சீராக இல்லை என்று போட்டிருக்கிறது. நாளை 11 மணிக்கு டாக்டர் குடும்பத்தோடு பேசுகிறார், தம்பி வீடியோவில் வருகிறான். பிப்ரவரி 9 பக்கத்தை அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். குழாயை எப்போது எடுப்பார்கள், வீட்டுக்குக் கொண்டுபோனால் ஹெல்பருக்கு அதைச் சொல்லித்தருவார்களா, சக்கர நாற்காலியில் பூலோ வரை கூட்டிப்போகலாமா, இதெல்லாம் கேட்க வேண்டும். இன்னொன்று, அந்தக் கை உறை